சம்பா கோயில் மரக்கூண்டு

நவம்பர் 8, வெள்ளி
இந்த நோட்டு ராகி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது. தம்பி தூங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். நாளைக்குப் பள்ளியில் பாண்டிச்சேரி கூட்டிப்போகிறார்கள். காலாண்டுக் கணக்கில் 61 என்பதால்தான் அப்பா விட்டார். "பத்தாவதுல கணக்குல கோட்ட வுட்டீன்னா தொப்பூர் அத்தை ஓட்டல்ல தோசை ஊத்தத்தான் போவ." 61 எப்படி வந்தது? நான் எழுதியதே மூன்று பக்கம். கேட்கவில்லை. யாராவது கேட்பார்களா?

நவம்பர் 10, ஞாயிறு
நேற்று நடந்ததை இன்றைக்குத்தான் எழுத முடிந்தது.

சம்பா கோயில் என்கிற பாண்டிச்சேரி மாதா கோயிலுக்குள் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பத்தை அடுக்கலாம். ஓரத்தில் பீரோ மாதிரி ஒரு மரக்கூண்டு. உள்ளே நாற்காலி, பக்கத்தில் சல்லடைச் சன்னல். "பாவத்தைச் சொல்ற எடம். உள்ள சாமியார்தான்டி உக்காரணும்" என்றாள் காவியா. அவள் வேதக்காரப் பெண், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். "நீ உக்காந்து காட்டு, பாக்கலாம்."

சாமி இடமாயிற்றே. ஊக்கு குத்திய செருப்பை முன்னால் ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்த் திரையை இழுத்தேன்.

சல்லடைக்கு அந்தப் பக்கம் யாரோ முட்டி போட்டார்கள். "சாமி, நான் பாவி. எங்க ஊர் சாமியாருக்கு என் கொரலு தெரியும். அதான் இங்க சொல்றேன்."

எங்களைக் கூட்டி வந்த கணக்கு சார் சவுரியப்பனின் குரல். காவியா அவரைப் பார்த்ததும் ஓடியிருக்கிறாள், துரோகி.

வண்டியில் போகும்போது மழையில் எங்கள் காலாண்டுத் தாள்கள் நனைந்து மை கரைந்துவிட்டதாம். எச்.எம்முக்குப் பயந்து, ஆளுக்கொரு மார்க் குத்துமதிப்பாகப் போட்டாராம். ஷாலை வாய்க்குள் திணித்துச் சிரிப்பை அடக்கினேன்.

"நான் என்னங்க சாமி பண்ணட்டும்?"

பேசாவிட்டால் எட்டிப் பார்ப்பார். தொண்டையைக் கரகரப்பாக்கி, எச்.எம் தினமும் பிரேயரில் சொல்வதைச் சொன்னேன். "செஞ்ச தப்பைச் சரி பண்ணிடு."

"சரிங்க சாமி." எழுந்து போனார்.

அங்கே கேட்டதை வெளியில் சொன்னால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் காவியாவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "செத்தாலும் சொல்லக் கூடாது." எழுதினால் சொன்னதாகுமா?

நவம்பர் 11, திங்கள்
சார் எச்.எம்மிடம் சொல்லிவிட்டார். வகுப்பிலும் சொன்னார். "தப்பு என்னுது. பதினெட்டாம் தேதி மறுபடியும் பரீட்சை."

வைக்கச் சொன்னது நான். நானேதான்.

நவம்பர் 13, புதன்
வட்டம், தொடுகோடு. தோசைக்கல்லும் வட்டம்தான்.

நவம்பர் 15, வெள்ளி
பள்ளி விட்டதும் சார் தனி வகுப்பு எடுக்கிறார். ஒன்பது பேர் போகிறோம். என் பெஞ்சுக்குத்தான் அடிக்கடி வருகிறார் — ஏன்? குரல் தெரிந்துவிடும் என்று வாயே திறப்பதில்லை. சந்தேகத்தைக்கூட எழுதிக் காட்டுகிறேன். "ஏம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார். தலையாட்டினேன்.

நவம்பர் 18, திங்கள்
எழுதினேன். ஏழு பக்கம்.

நவம்பர் 21, வியாழன்
43.

"அறுபத்தொண்ணு எங்க போச்சு?" என்றார் அப்பா.

"அது சார் போட்டதுப்பா. இது நான் போட்டது."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தொப்பூர் பேச்சே எடுக்கவில்லை.

காலையில் தாளைக் கொடுக்கும்போது சார் என் காலைப் பார்த்தார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அடுத்த தடவ செருப்பையும் உள்ளயே எடுத்துட்டுப் போயிருங்க, சாமி."