நான் பப்ளிக்

லாத்தா,

போன வாரம் மகள் எனக்கு ஒரு தோல் கைப்பை வாங்கி வந்தாள். ஜிப்பைத் திறந்ததும் சொலூஷன் வாசனை அடித்தது. தாராவியில் என் பக்கத்து வீட்டில் தோல் பை தைத்த நீங்கள், ஒட்டுவதற்கென்று டின் டின்னாக வைத்திருப்பீர்களே, அதே பசை. உங்கள் விரலிலும் புர்காவிலும், நீங்கள் கொடுத்தனுப்பும் நோன்புக்கஞ்சித் தூக்கிலும்கூட அந்த வாசனைதான் இருக்கும். நீங்கள் மௌத்தாகி எத்தனையோ நோன்பு கழிந்துவிட்டது. ஆனாலும் டோம்பிவிலியில் என் வீட்டுக்குள் நீங்கள் வந்து நின்ற மாதிரி இருந்தது. கூடவே அந்தப் பழைய பயமும் வந்து நின்றது.

எண்பதுகளில் தாராவியில் நம் சந்துத் தண்ணீர்க் குழாய் என் சன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு நாள் காலை, வரிசையில் நின்ற ஒருவரை, கள்ளச்சாராயம் காய்ச்சும் பட்டிக்காரனின் தம்பி கத்தியால் குத்தியதைப் பார்த்தேன். யார் குடம் முதலில் என்ற தகராறு, அவ்வளவுதான். குழாயடியில் இருந்த எல்லோரும் ஓடிவிட்டார்கள். போலீஸ் வந்தபோது சன்னலைச் சாத்தக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். என் பேரை எழுதிக்கொண்டார்கள். குத்துப்பட்டவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

கேஸ் கோர்ட்டுக்கு வர வெகுநாள் ஆயிற்று. சம்மன் என் கைக்கு வந்த மறுநாளே பட்டிக்காரனின் ஆள் ஒருத்தன் வாசலில் வந்து நின்றான். குரலை உயர்த்தவே இல்லை. “பாபி, முன்னி கோன்ஸா ஸ்கூல் ஜாத்தி ஹை?” என்றான். மகள் எந்தப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று சிரித்த முகமாகக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். அன்றைக்கு உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்பதுகூட எனக்கு ஞாபகம் இல்லை. டிராம்பேயில் ஷிப்டு முடித்து வந்த என் வீட்டுக்காரர், “ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிட்டு வந்துரு. நமக்குப் பிள்ளதான் முக்கியம்” என்றார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. அவர் சொன்னபடியே செய்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் செத்தவர் பெண்டாட்டி தினமும் அதே குழாயில் தண்ணீர் பிடிக்க வருவாள். என்னை ஒன்றும் கேட்கமாட்டாள். ஒரு தடவை சன்னலைப் பார்ப்பாள், போய்விடுவாள்.

நீங்கள்தான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள். “ஏளா, கோர்ட்டுக்கு உங்கூட நான் வரட்டா?”

“உங்கள எப்படி விடுவாவ லாத்தா? சம்மன் எனக்குல்லா வந்திருக்கு?”

அரசு வக்கீலிடம் நாமே போய்க் கேட்டோம். அவருக்கு ஏக அவசரம். “ஓப்பன் கோர்ட் ஹை. பப்ளிக் பைட் சக்தா ஹை” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். திறந்த கோர்ட்டு, பொதுஜனம் உட்காரலாம் என்று அவர் சொன்னதை நீங்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டீர்கள். ஜட்ஜ், வக்கீல், சாட்சி என்று இருப்பதைப்போல ‘பப்ளிக்’ என்பதும் கோர்ட்டில் ஒரு பதவி, அது காலியாக இருக்கிறது என்று நினைத்துவிட்டீர்கள்.

அந்த நாள் வந்தது. வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு மகளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டார். நாம் சயானில் லோக்கல் ஏறி வி.டி.யில் இறங்கிப் போனோம். கோர்ட்டு வாசலில் ஹவல்தார் உங்களை மறித்து, “தும் கோன்? கவா?” என்றார். நீ யார், சாட்சியா என்கிறார்.

“நஹீ சாப். நான் பப்ளிக்” என்று நிமிர்ந்து சொன்னீர்கள்.

அவர் சிரித்துவிட்டு வழி விட்டார். ஆனால் உங்களுக்குப் பின்னாலேயே பட்டிக்காரனின் ஆட்களும் உள்ளே போனார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. “அவனுவளும் பப்ளிக்தானா லாத்தா?” என்றேன்.

“அதாம்ளா நானும் வந்திருக்கேன்” என்றீர்கள்.

பேர் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினேன். எதிரே முதல் பெஞ்சில், அன்று வாசலில் வந்து நின்றவன் உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறக்கப் போகும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கட்டுகிற ரிப்பன். அதை மெதுவாக விரலில் சுற்றினான். மகள் வீட்டில்தான் இருக்கிறாள், கதவு பூட்டியிருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ரிப்பனைப் பார்த்த பிறகு எதுவும் தெரியவில்லை. வக்கீல் கேட்ட கேள்விக்கு, “ஞாபகம் இல்ல” என்றேன்.

நீங்கள் பின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, எனக்கும் அவனுக்கும் நடுவில் நின்றீர்கள். அவன் நகர்ந்தான், நீங்களும் நகர்ந்தீர்கள். ஹவல்தார் “பைட்டோ, பைட்டோ” என்று உங்களை உட்காரச் சொல்லி ஓடி வந்தார். ஜட்ஜ் என்ன விஷயம் என்று கேட்டார். அவன் ரிப்பனைக் காட்டி மிரட்டுவதாக நீங்கள் தமிழும் இந்தியும் கலந்து சொன்னதை மொழிபெயர்ப்பவர் திக்கித் திக்கிச் சொன்னார். ரிப்பன் அவன் கையிலேயே இருந்தது. அவனையும் கூட வந்தவர்களையும் வெளியே போகச் சொன்னார் ஜட்ஜ். எதிர்த் தரப்பு வக்கீல் விடவில்லை. இது திறந்த கோர்ட்டு, பொதுஜனத்தை விரட்டுவதென்றால் அந்த அம்மாவும் போகட்டும் என்றார். நீங்களும் போய்விட்டால் நான் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது.

“நீ யார்? சாட்சிக்குச் சொந்தமா?” என்று ஜட்ஜ் கேட்டார்.

“இல்ல சாப். பப்ளிக்.”

சாட்சியைப் பயமுறுத்த வந்தவர்கள் போகலாம், பொதுஜனம் உட்காரலாம் என்றார் அவர். முதல் பெஞ்சில் நீங்கள் மட்டும் உட்கார்ந்தீர்கள். உங்கள் வலது கால் மட்டும் மெஷின் மிதிப்பதுபோல மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் காலையே பார்த்துக்கொண்டு, சன்னலில் கண்டது அத்தனையும் சொன்னேன். குத்தியவன் எவன் என்று கையைக் காட்டினேன்.

திரும்பி வரும்போது ரயிலில் லேடீஸ் டப்பாவில், “ஏன் லாத்தா காலு அப்படி ஆடிச்சு?” என்று கேட்டேன். “மெஷின் மிதிச்சு மிதிச்சுப் பழகிட்டுளா” என்று சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்து மகளின் இரண்டு பின்னலிலும் ரிப்பன் இருப்பதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

என் சாட்சி முடிந்த பிறகும் நீங்கள் வாய்தா தவறாமல் போய்க்கொண்டிருந்தீர்கள். “பப்ளிக் வரலன்னா கேஸ் எப்படி ஓடும்?” என்பீர்கள். செத்தவர் பெண்டாட்டியும் உங்களோடு வர ஆரம்பித்தாள். தண்டனை என்று தீர்ப்பு வந்த அன்றும் நீங்கள் இருவரும்தான் அந்த பெஞ்சில் இருந்தீர்கள். நான் வரவில்லை. பல வருஷம் அந்தச் சன்னலை நான் திறக்கவும் இல்லை.

இப்போது எங்கள் மேல்மாடிப் பெண் ஒருத்திக்கு சம்மன் வந்தது. கூட வேலை செய்தவளை முதலாளி அடித்ததைப் பார்த்தவள். சோறு இறங்காமல் கிடந்தாள். நேற்று அந்தக் கைப்பையை மாட்டிக்கொண்டு அவளோடு கல்யாண் கோர்ட்டுக்குப் போனேன். வாசலில் மறித்தார்கள். “நான் பப்ளிக்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் விட்டுவிட்டார்கள். முதலாளியின் ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு முன்னால் போய், அந்தப் பெண் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்தேன்.

அவள் பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், மடியில் இருந்த பை குதித்துக்கொண்டிருந்தது. என் வலது கால் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஆயுளில் ஒரு நாளும் தையல் மெஷின் மிதித்தவள் இல்லை, லாத்தா.