வெட்டிய கிளைக்குப் பொலி இல்லை

கண்டி,
4.5.1968

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி லெட்சுமணன் எழுதுவது. நீ கொடுத்துவிட்ட மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது. கடைச் சோறு மறுபடியும் மண்ணாக இருக்கிறது. அதை விடு, நல்ல சேதி கேள். வருஷா வருஷம் இங்கே நடக்கும் தேயிலை விழாவுக்கு இந்த முறை எங்கள் தேயிலைக் கடை முதலாளி தியாகராஜாதான் தலைவர். மேடையில் தேயிலை வைத்து, தோட்டத்துப் பெண் ஒருத்தி முதல் பிடி கொழுந்தைக் கூடையில் போட்டுப் "பொலியோ பொலி" சொல்ல, விழா தொடங்க வேண்டுமாம். காலையில் மலையில் கொழுந்து கிள்ளும்போது முதலில் எழும்புவது உன் குரல்தானே! உன் பேரைச் சொல்லிவிட்டேன். விழா நல்லபடி நடந்தால் கட்டுகஸ்தோட்டைக் கிளைக் கடையை என் பொறுப்பில் விடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். மறுத்துவிடாதே.

உன் தம்பி
லெட்சுமணன்

மடுல்கெல்ல,
11.5.1968

என் செல்லத் தம்பிக்கு,

உனக்குக் கடை கிடைக்கும் என்றால் நான் கண்டிக்கு நடந்தே வருவேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். மேடையில் செடி எங்கிருந்து வரும்? வேரோடு வைக்கிறார்களா, கிளையை வெட்டி மணலில் சொருகுகிறார்களா? பொலி என்றால் செடியைப் பார்த்து, "பெருகு, தழைத்து வா" என்று வாழ்த்துவது. அதைச் சொல்லாமல் நாங்கள் ஒரு நாளும் கூடையில் கொழுந்து போட்டதில்லை. வெட்டிய கிளைக்கு அதைச் சொல்வது, பாடையில் கிடப்பவனை நூறு வயசு இரு என்று வாழ்த்துகிற மாதிரி. வேரோடு இருந்தால் சொல்கிறேன். இல்லாவிட்டால் என் வாய் திறக்காது.

அக்கா
ரத்தினம்மா

கண்டி,
17.5.1968

அக்கா,

கிளைதான். மேடையில் வேரோடு தோட்டமா போட முடியும்? ஒரே ஒரு வார்த்தை. கண்டி ஆட்களுக்கு வேர் எது, கிளை எது என்று தெரியவா போகிறது? விழா ஜூன் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பஸ்ஸடியில் நிற்பேன். நீ வந்தால் போதும்.

லெட்சுமணன்

கண்டி,
3.6.1968

அக்கா,

ஏன் வந்தாய்? உன்னை பஸ்ஸடியில் கண்டதும் மனம் மாறிவிட்டாய் என்று எத்தனை சந்தோஷப்பட்டேன்! மேடையேறி, மைக்கைப் பிடித்து, "இது வெட்டுன கெளைங்க. உசுரு இல்லாததுக்கு நாங்க பொலி சொல்ல மாட்டோம்" என்று சொல்லி, கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கினாயே! லொறியில் வந்த தோட்டத்துப் பெண்கள் வேறு கை தட்டுகிறார்கள். முதலாளிக்கு முகத்தில் ஈயாடவில்லை. கிளைக் கடை என்னோடு வேலை செய்யும் சேதுராமனுக்குப் போய்விட்டது. இனி எனக்கு அக்கா இல்லை.

லெட்சுமணன்

மடுல்கெல்ல,
10.6.1968

அக்கா இல்லாதவனுக்கு அக்கா எழுதுவது,

கடை போனதற்கு அழுதேன். அதை ஏன் மறைக்க வேண்டும்? மேடையில் சொன்னதற்கு அழவில்லை. நான் வராமல் இருந்திருந்தால் வேறு ஒருத்தியைப் பிடித்துச் சொல்ல வைத்திருப்பார்கள். அதனால்தான் வந்தேன். நாங்கள் விரல் வெடிக்கக் கிள்ளுகிற கொழுந்து தோட்டத்துத் துரைக்குப் போகிறது, தேயிலைத்தூள் கடைக்குப் போகிறது, விழா உன் முதலாளிக்குப் போகிறது. போகட்டும். பொலி எங்களுடையது. அதைக் கேட்டால் தர மாட்டோம்.

மிளகாய்த்தூள் அனுப்பியிருக்கிறேன். கோபத்தோடேயே சாப்பிடு.

ரத்தினம்மா

கண்டி,
25.8.1968

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடாமல் இருந்ததற்குத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். விழா முடிந்து மேடைக் கிளைகளை அள்ளிக் குப்பையில் கொட்டும் வேலை எனக்குத்தான் வந்தது. எல்லாம் கருகிச் சுருண்டு கிடந்தன. அள்ளும்போது கை கூசியது. அன்றைக்கு உன் மேல் இருந்த கோபத்தில் இதை எழுத மனம் வரவில்லை.

மழை பிடித்ததும் விழா நடந்த மைதானத்து ஓரத்தில் நாலு தேயிலைக் கன்று நட்டேன். முதலாளி முதலில் முறைத்தார். இப்போது ஆடு மேயாமல் வேலி போடச் சொல்கிறார். "அடுத்த வருசம் ஒங்கக்காவக் கூப்பிடு. இப்பவாச்சும் வாயத் தொறக்குறாங்களா பாப்போம்" என்கிறார். வருவாயா? தூள் காரம் கூடுதல். இன்னும் கொஞ்சம் அனுப்பு.

உன் தம்பி
லெட்சுமணன்

மடுல்கெல்ல,
2.9.1968

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கன்றைச் சுற்றிக் களை ஏறவிடாதே, வெயில் நாளில் காய்ந்த புல்லை அடியில் பரப்பு.

அடுத்த வருஷம் வருவேன், கன்றைப் பார்க்க. ஒரு வருஷக் கன்றில் யாராவது கொழுந்து கிள்ளினால் அந்தக் கையை ஒடிப்பேன் என்று உன் முதலாளியிடம் நான் சொன்னதாகவே சொல். வேர் பிடித்து, கவ்வாத்து செய்து நுனி வெட்டி, கிளை பரவ மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை விழா பொலி இல்லாமலே நடக்கட்டும். அவரைக் காத்திருக்கச் சொல்.

உன் அக்கா
ரத்தினம்மா