சரசு கேட்ட கேள்விகள்

12.8.1979, ஞாயிறு இரவு

ரப்பர் தோட்டப் பள்ளியில் என்னோடு படித்த குமரேசன் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறான். அங்கே விண்வெளித் தொலைநோக்கி மூலம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளியை ஆராய்கிறான். இன்று குனோங் ராபாட்டில் என் வீட்டில், நான் நிருபராக இருக்கும் பத்திரிகைக்காக அவனோடு பேட்டி. கேள்விகளை என் மனைவி சரசுதான் கேட்டாள்.

"அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியாது தங்கச்சி. தரைக்கே வராது, காத்து தடுத்திடும். அதான் டெலஸ்கோப்ப மேல அனுப்பியிருக்கு."

நான் குறுக்கிட்டேன். "நீங்க சும்மா இருங்கலா, அண்ணே சொல்லட்டும்" என்றாள்.

என் செய்திகளை அவள் படிப்பதே இல்லை. இது எப்போது வரும் என்று மட்டும் விடாமல் கேட்கிறாள். எரிச்சலில் நான்கே வரியில் முடித்தேன். பிறகு, அவள் படிப்பாளே என்று முழுவதும் எழுதினேன். நன்றாகவே வந்திருக்கிறது.

அவன் படத்தை மட்டும் சிறிதாகப் போடச் சொல்ல வேண்டும்.