பஸ்ஸில் வைத்த அழைப்பு

மணிமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யுவஸ்ரீக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம், என் வலது கை விரல்கள் மூன்றைத் தவிர. நீயும் மாப்பிள்ளை தளவாயும் வேலைக்குப் போன ஜெர்மனிக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வல்லக்கோட்டை முருகனை வேண்டிக்கொள்கிறேன். விரலுக்கு என்ன என்று கேட்பாய். உன் கல்யாணத்துக்குப் பனையோலைத் தோரணம் முடைய நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்து வாசலில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கையில் இருந்தது என்ன என்று எனக்கே விளங்கவில்லை. அந்த வழியாக வந்த கன்னியப்பன் வண்டியை நிறுத்தி, ‘இன்னா ரங்கா, கருவாட்டுக் கூடையா, அடியில ஓட்டை கீதே’ என்றான். தெருவே சிரித்தது. அம்மா மட்டும் உள்ளே போய்ச் சிரித்தாள், அந்த மரியாதையாவது மிச்சம். கம்பெனியில் காரின் இடது கதவுக்கு ரப்பர் மாட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவேன், பதினேழு வருஷமாக அதுதான் என் வேலை, ஓலை இந்தக் கைக்கு அடங்கவில்லை, மூன்று விரலைக் கிழித்துவிட்டது.

சிரிப்பு இதோடு போதும். நான் கோபமாக இருக்கிறேன். போனில் உன் முகத்தைப் பார்த்தால் கோபம் இறங்கிவிடுகிறது, அதனால்தான் பேப்பரில் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் உன் சிநேகிதர் பிரசன்னாவிடம் கொடுத்தனுப்புகிறேன். மண்டபம் வேண்டாம், ஏரியை ஒட்டிய நம் காலி மனையில் பந்தல் போட்டு, எல்லாம் நம் கையாலேயே செய்து, இரண்டு குடும்பத்து வேரையும் காட்டுகிற கல்யாணம் என்று முப்பத்தொரு பக்கம் அனுப்பியிருந்தாய். வைகாசி வெயிலுக்கு என்ன வழி என்று ஒரு பக்கத்திலும் இல்லை, ஆனாலும் எனக்குப் பிடிக்கத்தான் செய்தது. பதினோராம் பக்கத்தில் நான் மாட்டு வண்டி ஓட்டி உன்னைப் பந்தலுக்கு அழைத்து வருகிறேனாம். தெருவில் மாடு வந்தால் முதலில் ஒதுங்குகிறவன் நான். மாப்பிள்ளையின் அம்மா சந்தனமாரியோ, ‘எங்க வீட்டுல பனையேறுறத விட்டு முப்பது வருசமாச்சு சம்மந்தி, இவன் வெயில்ல நிக்கக் கூடாதுன்னுதான ஒரகடத்துக்கு வேலைக்கு அனுப்புனேன், இப்ப ஊரையே வெயில்ல நிறுத்தப் போறானாம்’ என்று போனில் குறைப்பட்டுக்கொண்டார்கள். உன் கையாலேயே எழுதிய அழைப்பிதழில் ‘மணிமங்கலம் விவசாயி ரங்கநாதன்’ என்று போட்டிருக்கிறாய். நான் எப்போதம்மா ஏர் பிடித்தேன்? உன்னைப் படிக்க வைத்தது ஷிஃப்டும் ஓ.டி.யும். வேர் என்றால் மண்ணில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மொத்தம் எண்பது பேர்தான் என்று ஒரு லிஸ்ட் அனுப்பினாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் கம்பெனி பஸ்ஸின் வழக்கம் உனக்குத் தெரியும். யார் வீட்டுக் கல்யாணமானாலும் பெண்டாட்டியோடு ஏறி, தட்டில் வெற்றிலை பாக்கு குங்குமம் வைத்து, டிரைவர் முதல் கடைசி சீட்டு வரை ஒவ்வொருவராக அழைக்க வேண்டும், படப்பை வருவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு சீட்டு விட்டுப்போனாலும் குற்றம். நாங்கள் போன திங்களன்று அப்படியே நாற்பத்திரண்டு பேரையும் அழைத்துவிட்டோம், அம்மா படப்பையில் இறங்கித் தட்டோடு டவுன் பஸ் பிடித்து வீடு வந்தாள். உன் லிஸ்ட் மறுநாள் வந்தது. உன்னைக் கேட்காமல் முந்திக்கொண்ட அவசரக்காரன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ என்ன சொன்னாய்? ‘அவங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் குடுத்துடலாம்ப்பா, யூனிஃபார்மோட வந்து எறங்குனா போட்டோவே நல்லா இருக்காது, அவங்கள்லாம் நமக்கு யாருப்பா’ என்றாய்.

யாரென்று சொல்கிறேன். நீ ஒன்பதாவது படிக்கையில் டெங்கு வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். எனக்குப் பதில் ஆளில்லை, லைன் நின்றால் வேலை போகும் என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். வலது கதவில் நிற்கும் கன்னியப்பன், ‘நீ போ ரங்கா, ரெண்டு கதவையும் நான் பாத்துக்கறேன்’ என்றான். எட்டு நாளும் ஒவ்வொரு காரையும் சுற்றிச் சுற்றி ஓடி என் வேலையையும் சேர்த்துச் செய்தான். அவனிடம் போய் உனக்கு ஸ்வீட் பாக்ஸ்தான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பஸ் வரும். கல்யாண வாரம் அவர்களுக்கு நைட் ஷிஃப்ட், காலை ஏழரைக்கு யூனிஃபார்மோடுதான் ஏரிக்கரையில் இறங்குவார்கள், முதல் பந்தியில் உட்காருவார்கள். கையால் செய்கிற கல்யாணம் என்கிறாயே, பந்தலுக்குக் குழி தோண்ட இப்போதே பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் கை இருக்கிறது.

கோபத்தில் எழுதினாலும் நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசீர்வாதம். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, கடைசி நேரத்தில் இழுக்காதே. மாப்பிள்ளையை அவர் அம்மாவிடம் வாரம் ஒரு தடவையாவது பேசச் சொல்.

அன்று நீ ‘நமக்கு யாருப்பா’ என்றதும், சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஒன்று கேட்க வந்து வாயை மூடிக்கொண்டேன். பதினேழு வருஷமாக அதே யூனிஃபார்மில் அதே பஸ்ஸிலிருந்து நானும்தானே இறங்குகிறேன் யுவா, அந்த எண்பது பேரில் என்னை மட்டும் எப்படிச் சேர்த்தாய்?

இப்படிக்கு
உன் அப்பா
ரங்கநாதன்