லெயோனோரின் சாவி

ஜனவரி 4, 1997. சனி

டோன் பெலிசாரியோ ஐஸ் ஆலையிலிருந்து நேராக வந்தார். செருப்பில் மீன் செதில் ஒட்டியிருந்தது. திருவிழாக் குழுத் தலைவர். நான் டிக்கெட் கிழிக்கும் கோட்டை அருங்காட்சியகமும் அவர் கைக்குள்தான். என் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"இந்த வருஷம் நீதாம்மா நெரெய்தா. உங்க வீட்டுல வேற யாரு இருக்கா?"

வேறு யாரும் இல்லை, உண்மைதான். இருபதாம் தேதி, புனித செபஸ்தியார் திருநாளன்று, எங்கள் குடும்பத்தில் ஒருவர் சிவப்புப் பாவாடை கட்டி, எங்கள் வீட்டுப் பழைய சாவியை உயர்த்திப் பிடித்து, கோவிலிலிருந்து கோட்டையின் கடல்வாசல் வரை நடக்க வேண்டும். சாந்தா ரூஃபினா ஊரே இரண்டு பக்கமும் நின்று அழுகல் பப்பாளி எறியும். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் வாயில்காவலன் பெண்டாட்டி லெயோனோர், ஒரு முத்துமாலைக்கு ஆசைப்பட்டுக் கடல் கொள்ளையருக்கு அந்த வாசலைத் திறந்துவிட்டாளாம், ஊரே எரிந்ததாம். அவள் வம்சம் நாங்கள். அவள் செய்ததற்கு நாங்கள் இன்னும் அடி வாங்குகிறோம்.

போன வருஷம் எவுசெபியோ அண்ணன் நடந்தான். பாவாடையை ஆட்டிக் கூத்தடித்துக்கொண்டே போனான். யாரோ பப்பாளிக்குள் கல் வைத்து எறிந்தார்கள். இடது கண் போயிற்று. அன்றிலிருந்து அவன் கடலுக்குப் போகவில்லை. வீட்டுப் பின்னால் உட்கார்ந்து மோட்டார் பழுது பார்க்கிறான்.

எறிந்தவன் யாரென்று ஒருவரும் பார்க்கவில்லையாம். எண்ணூறு பேர் நின்ற தெருவில்!

ஜனவரி 5

சாவியை எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன். இருபதாம் தேதியை நினைத்தாலே பயம். எனக்கு முப்பத்தாறு வயது. வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 10, வெள்ளி

வழக்கம்போல் கிரிசாந்தோ மீன் கொண்டுவந்தான், படகு இறங்காததால் கரையிலிருந்தே வலை வீசிப் பிடித்தது. மலைத்தெருக்காரன், அண்ணனின் பழைய படகுக் கூட்டாளி. ஒரு வருஷமாக ஒரு வெள்ளி தவறியதில்லை. காசு வாங்க மாட்டான், உள்ளே வரவும் மாட்டான். இன்று வாசலிலேயே நின்று கையைப் பிசைந்தான்.

"நீ நடக்காத நெரெய்தா. கோலோன்ல உங்க சித்தி வீட்டுக்குப் போயிடு."

"நீயே இப்படிச் சொல்றியா? உங்க தெருதானே முன்னால நின்னு எறியுது?"

"அதனாலதான் சொல்றேன். கூட்டத்துல நிக்கிறப்ப கை நம்ம பேச்சைக் கேக்காது."

போகலாம்தான். ஆனால் வடக்குக் காற்று எட்டு நாளாக நிற்கவில்லை, படகுகள் கரையில் கிடக்கின்றன. 1951-இல் எங்கள் தாத்தா நடக்க மறுத்தாராம், அந்த மாதமே மூன்று படகு திரும்பவில்லையாம். இந்த வருஷம் ஒரு படகு போனாலும் என் தலையில்தான் விடியும். நான் போய்விட்டால் அண்ணனை இந்த ஊரில் யார் வாழ விடுவார்கள்?

ஜனவரி 13, திங்கள்

எழுதவே பயமாக இருக்கிறது.

சுவரொட்டிக்குப் படம் எடுக்கச் சாவியை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். படம் எடுத்தவன் போன பிறகு மதியச் சாப்பாட்டு நேரம், தனியாக இருந்தேன். கடல்வாசல் பூட்டு அங்கேதான் மேடையில் இருக்கிறது. பதினோரு வருஷமாக நான் துடைக்கிற பூட்டு. சும்மா, விளையாட்டாக, சாவியை அதில் நுழைத்துப் பார்த்தேன்.

பூட்டின் துளையில் இன்னொரு சாவியையும் சேர்த்துப் போடலாம், அவ்வளவு பெரிது. எங்கள் சாவி அந்தப் பூட்டுக்கு உரியதே இல்லை.

இத்தனை வருஷத்தில் யாருமே போட்டுப் பார்க்கவில்லையா? ஏன் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அதைத் திருநாளன்று தவிர யாரும் தொட மாட்டார்கள். பழந்துணி சுற்றி, பெட்டியின் அடியில். அவமானத்தை யாராவது எடுத்து அளந்து பார்ப்பார்களா?

ஜனவரி 14

அண்ணனிடம் சொன்னேன். கார்புரேட்டரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எந்தச் சாவியா இருந்தா என்ன. கண்ணு போனது நெசம்தானே."

ஜனவரி 16, வியாழன்

தோமாசாவின் ரொட்டிக் கடைக்குப் பின்சுவர் கிடையாது, பழைய கோட்டைச் சுவர்தான் அவளுக்குச் சுவர். ரொட்டி வாங்கப் போனபோது சாவிக் கதையைச் சொன்னேன். அவளிடம்தான் எதையும் அடக்கி வைக்க முடியாதே. மாவுக் கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அலமாரி அடிக்கப் போனா ஒரு இடத்துல ஆணியே இறங்கலடி. மூட்டைக்குப் பின்னால இரும்பு. எங்கப்பா காலத்துலயே சொல்வாரு, இங்க ஒரு கதவு இருக்குன்னு."

மாவு மூட்டைகளை நகர்த்தினோம். குனிந்துதான் போக முடியும், அவ்வளவு சின்னக் கதவு. பக்கத்து அடுப்புச் சூட்டில் துரு அவ்வளவாக ஏறவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, இரண்டு தட்டு ரொட்டி வேகும் வரை காத்திருந்தோம். சாவி உள்ளே போயிற்று. திரும்பவில்லை. தோமாசா என் கை மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். 'டக்' என்று திரும்பியது.

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அது மலைவாசல். தினமும் நான் துடைக்கிற பலகையிலேயே எழுதியிருக்கிறது: 'மலைவாசல். அடிமைகள் மலைக்கு ஓடிவிடாதபடி இரவில் பூட்டப்பட்டது. இருந்த இடம் தெரியவில்லை.' மலைத்தெருக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். கொள்ளையர் வந்த அன்று அடிமைகளாயிருந்த அவர்களுடைய முன்னோர்கள் சங்கிலியோடு ஊருக்குள் மாட்டிக்கொண்டார்களாம். செபஸ்தியார் சுவரில் கை வைக்க, அது பிளந்து வழிவிட்டதாம்.

சுவர் பிளக்கவில்லை. லெயோனோர் பூட்டைத் திறந்திருக்கிறாள்.

ஜனவரி 17, வெள்ளி

டோன் பெலிசாரியோவிடம் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டார், அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

"அந்த வாசல் வழியாக் கொள்ளைக்காரன் வரலைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ? அவ திறந்தா, ஊரு எரிஞ்சுது. இதுல என்ன மாறிடுச்சு? தலைநகர்லேருந்து ஆளுங்க வர்றாங்க. கடல்வாசல் வரைக்கும் ஒழுங்கா நட. தடம் மாறினா செவ்வாய்க்கிழமை வேலைக்கு வரவேண்டாம்."

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அதுதான் என்னை அரிக்கிறது. திறந்த கதவு யார் ஓடுகிறார்கள், யார் வருகிறார்கள் என்று பார்க்காது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்தே திறந்திருப்பாளோ?

கிரிசாந்தோ மீனை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

ஜனவரி 19

காலையில் எங்கள் கதவில் கரியால் எழுதியிருந்தது: திற, லெயோனோர்.

அண்ணன் அதைத் துடைக்க விடவில்லை. "இருக்கட்டும்" என்றான். அப்புறம் என்னைப் பார்க்காமல் கேட்டான்: "தோமாசா கடை மூட்டையெல்லாம் கனமா?"

ஜனவரி 20, திங்கள்

இடது தோள் வீங்கியிருக்கிறது. வலது கையால் எழுதிவிடலாம்.

நாலு மணிக்குக் கோவில் மணி அடித்தது. படி இறங்கும்போதே முதல் பப்பாளி. பிறகு தக்காளி, மீன் குடல். மலைத்தெரு மீன்காரி ஃபுல்ஹென்சியா குறி தவறாதவள், கழுத்தில் ஒன்று வைத்தாள். "திற, லெயோனோர், திற!" என்று ஒரே கூச்சல். ஒவ்வொரு பழம் வரும்போதும் உள்ளே கல் இருக்குமோ என்றுதான் நினைத்தேன். கண்ணை மூடக் கூடாது என்று மட்டும் வைராக்கியம். செத்துப்போனேன், அவ்வளவு பயம்.

தெரு பிரிகிற இடத்தில் கடல்வாசல் இடப்பக்கம். நான் வலப்பக்கம் திரும்பினேன்.

"ஏய், எங்க போற?" டோன் பெலிசாரியோவின் குரல். எறிவது அதிகமாயிற்று. தோளில் பட்டது பழமில்லை, தேங்காய் ஓடு. மலைத்தெரு முழுக்க என் பின்னால் திரண்டு வந்தது. ஓடினால் விழுந்துவிடுவேன் என்று தெரிந்து நடந்தேன். ரொட்டிக் கடைக் கதவு திறந்திருந்தது. அண்ணனும் தோமாசாவும் மூட்டைகளை எல்லாம் தள்ளிவிட்டிருந்தார்கள். அண்ணன் மேலெல்லாம் மாவு.

கூட்டம் கடைக்குள்ளும் வாசலிலும் நெருக்கியது. இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள், திற, திற என்று.

"திறக்குறேன்! நீங்க கேட்டதுதானே, திறக்குறேன்!" என் குரல் கிறீச்சென்றது. "இந்தச் சாவி கடல்வாசலுக்குச் சேராது. போய்ப் போட்டுப் பாருங்க. இதுக்குத்தான் சேரும்."

திருப்பினேன். அண்ணன் தோள் கொடுத்துத் தள்ளினான். ஒரு முழம் திறந்தது. அந்தப் பக்கம் மண் சரிந்து, வேர் தொங்கி, அதற்கு மேலே கொஞ்சம் வெளிச்சம். மலைத்தெருவுக்கு ஏறுகிற படிகளின் கீழ்க்கோடிப் படி தெரிந்தது.

ஃபுல்ஹென்சியாதான் முன்னால் வந்து குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது நம்ம படியாச்சே" என்றாள். "நம்ம ஆளுங்க ஏறின படி."

கையில் மிச்சமிருந்த பப்பாளியைக் கீழே வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். கையைத் தன் பாவாடையில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

கூட்டத்தின் கடைசியில் கிரிசாந்தோ. இரண்டு கையும் காலி. அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி 22

சொன்ன சொல் தவறாதவர் டோன் பெலிசாரியோ. வேலை போயிற்று. தோமாசா மாவு பிசையக் கூப்பிடுகிறாள், "உன் கதவால என் கடையில ஒரே கூட்டம்டி" என்கிறாள்.

கடல் அடங்கவில்லை. யார் எங்கே நடந்தாலும் வடக்குக் காற்று அதன் போக்கில்தான் அடிக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

மீன் வரவில்லை. அண்ணன் வாணலியை எடுத்து வைத்திருந்தான். இருட்டியதும் அதைத் திரும்ப ஆணியில் மாட்டினான்.

ஜனவரி 31, வெள்ளி

இன்றும் இல்லை.

பிப்ரவரி 1, சனி

காற்று நின்றது. விடிந்ததும் படகுகள் இறங்கும் சத்தம்.

கிரிசாந்தோ வந்தான். கையில் மீன் இல்லை. முதல் தடவையாக வாசற்படி தாண்டி உள்ளே வந்து, நடுக்கூடத்தில் நின்றான். அண்ணன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கல்லு என்னுது" என்றான் கிரிசாந்தோ. "எல்லாரும் எறிஞ்சாங்க. நான் இன்னும் கொஞ்சம்... சிரிப்பா இருக்கும்னு... தெரியல எவுசெபியோ. ஏன்னு எனக்கே தெரியல."

என் கையிலிருந்த தட்டை அவன் தலையில் போட்டு உடைத்திருப்பேன். ஒரு வருஷமாக அவன் மீனைத் தின்றிருக்கிறோம். அண்ணன் காப்பியை முழுக்கக் குடித்து முடித்தான். அந்த நேரம் முழுக்க கிரிசாந்தோ அசையாமல் நின்றான்.

அப்புறம் அண்ணன் எழுந்து, கதவுக்குப் பின்னால் ஒரு வருஷமாகச் சாத்தியிருந்த துடுப்பை எடுத்தான்.

அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். கிரிசாந்தோவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், நகரவில்லை.

அண்ணன் துடுப்பை அவன் கையில் கொடுத்தான்.

"இடது பக்கம் நீ உக்காந்துக்கோ. அந்தப் பக்கம் எனக்குக் கண்ணு தெரியாது."