தோளுக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று

மார்ச் 3, செவ்வாய்

சட்டை போடுவதற்கு இப்போது ஒரு முறை இருக்கிறது. இடது கையால் வலது கையைத் தூக்கி முதலில் அதை நுழைக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். கழற்றும்போது தலைகீழ். இன்று ஏதோ யோசனையில் இடது கையை முதலில் விட்டுவிட்டேன். பாதிச் சட்டையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேக்கரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். கழற்றி, மறுபடி மாட்டி, பொத்தான்களையும் போட்டுவிட்டாள்.

"ம்ம், மாப்பிள்ளை ரெடி" என்றாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

மனநல ஆலோசகர் ஏதாவது எழுதி வரச் சொல்லியிருக்கிறார். ஒரு வரி போதுமாம்.

மார்ச் 5, வியாழன்

அன்று நடந்ததை எழுதச் சொல்கிறார். எழுதிப் பார்க்கிறேன்.

நான் மருத்துவமனையில் வார்டு உதவியாளர். நோயாளிகளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும், மறுபடி கட்டிலுக்கும் மாற்றுவது என் வேலை. கனமான ஆள் என்றால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். என் ஜோடி ஒட்டடைக்குச்சி. அவன் உயரத்துக்கும் உடம்புக்கும் வார்டே வைத்த பெயர் அது. போன வருஷம் ஒரு காலையில் மேற்பார்வையாளர் அவனை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டார். "நீங்க ஒருத்தரே பாத்துக்கங்க, இது ஒரு வேலையா உங்களுக்கு" என்றார்.

நோயாளி ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். பெரிய சரீரம். எழுந்து நின்றவருக்குத் திடீரென்று கால் மடங்கியது. மொத்தக் கனமும் என் வலது கையில் வந்து விழுந்தது. தோளுக்குள்ளே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் என் காதோரம், "விட்டுடாதப்பா... விட்டுடாதப்பா..." என்றார். விடவில்லை. நர்ஸ் ஓடி வரும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்புறம் ஏன் கனவில் மட்டும் அவர் என் கையிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறார்?

மார்ச் 14, சனி

தங்கை கைக்குழந்தையோடு வந்திருந்தாள். "மாமாகிட்ட போறியா?" என்று என்னிடம் நீட்டினாள். நான் பின்னால் நகர்ந்து அலமாரியில் இடித்துக்கொண்டேன். "தோள் வலிக்குதும்மா" என்றேன். பொய். இடது கைக்கு ஒன்றுமில்லை, கல் மாதிரி இருக்கிறது. யாரையும் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். யாராவது என்மேல் சாய்ந்தாலே உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

தங்கையின் முகம் வாடிவிட்டது. "இங்க குடு, உங்கண்ணன் மேல ஒரே தைல நாத்தம். புள்ள மூக்குக்கு ஆகாது" என்று என் மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

நான் தைலம் தடவிப் பல நாள் ஆகிறது. அது அவளுக்கும் தெரியும்.

மார்ச் 20, வெள்ளி

நானும் மனைவியும் வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு கண்ணாடி தலையில், இன்னொன்று கழுத்தில் தொங்க, மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தார். பார்த்ததும் பிடித்துவிட்டது.

மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எதிரான எங்கள் மேல்முறையீட்டில் இரண்டு பாகம். முதலாவது தோள். முதலில் வேலையில் பட்ட காயம்தான் என்று ஒப்புக்கொண்டவர்கள், பிறகு அவர்களுடைய டாக்டரை விட்டுப் பார்க்கச் சொல்லி, வயசானால் வரும் தேய்மானம் என்று சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது மனசு. அதை எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிட்டார்கள். போன வருஷம்தான் என் அப்பா இறந்தார். அந்தத் துக்கம்தானாம் இது.

அப்பாவுக்காக அழுதது எனக்குத் தெரியாதா? வாய்விட்டு அழுதேன். அழுது முடித்தேன். அது வேறு. இது வேறு. இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

"இன்னொண்ணும் இருக்கு, பதறாதீங்க" என்றார் வக்கீலம்மா. காரில் உட்கார்ந்து யாரோ அவர்களுக்காக என்னைப் படம் எடுத்திருக்கிறார்கள். கடைவாசலில், இடது கையில் ஒரு பையோடு, சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் திரைச்சீலையை இழுத்து மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் பாதி திறந்துவிட்டாள்.

ஏப்ரல் 2, வியாழன்

சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி. சுவிட்ச் போர்டு வரை போனேன். மலையேறிய களைப்பு.

ஏப்ரல் 17, வெள்ளி

வக்கீலம்மா போன் செய்தார். எதிர்த்தரப்பு இறங்கி வருகிறதாம். மனசு சம்பந்தப்பட்டதை நான் வாபஸ் வாங்கினால், தோளை ஏற்றுக்கொண்டு ஆபரேஷனுக்கும் ஒத்துக்கொள்வார்கள். விசாரணையே வேண்டாம். "நல்லா யோசிச்சு சொல்லுங்க. நான் இப்படித்தான் செய்யணும்னு சொல்லமாட்டேன்" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? தோளுக்கு ஸ்கேன் இருக்கிறது. கிழிசல் வெள்ளையாகத் தெரிகிறது. மனசுக்கு என்ன காட்டுவேன்? அங்கே உட்கார்ந்து, தெரியாத நாலு பேர் முன்னால், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன் என்று சொல்ல வேண்டும். நாலு பேர்கூடப் பரவாயில்லை. அவள் பக்கத்தில் இருப்பாள். இத்தனை நாள் அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். இப்போது மைக் வைத்துச் சொல்வதா?

வாபஸ்தான். முடிவு செய்துவிட்டேன்.

ஏப்ரல் 18, சனி

முடிவு ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். மடிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப தோளுக்கு மட்டும்தான் அடிபட்டுச்சா?"

"அப்படி எழுதிக் குடுத்தா முடிஞ்சிடும்மா. ஆபரேஷனும் நடக்கும்."

"இவ்வளவு நாளா என்கூட இருந்தது யாரு அப்ப? பேசினா பாதில எழுந்து போறது, சாப்பாட்டைப் பார்த்துட்டே உட்கார்ந்திருக்கறது... அதெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

நான் மடித்து வைத்த ஒரு துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

"வெளிய சொல்ல வெக்கமா இருக்கா?"

"ஆமா."

"யாரு முன்னாடி?"

"...உன் முன்னாடிதான்."

கையிலிருந்த துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "லூசு" என்றாள். மடித்து வைத்திருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் என்னை உட்காரச் சொன்னாள்.

ஏப்ரல் 20, திங்கள்

வாபஸ் இல்லை என்று சொல்லிவிட்டேன். வக்கீலம்மா, "அப்பாடா" என்றார். பிறகு, "நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

மே 6, புதன்

ஒட்டடைக்குச்சி வீட்டுக்கு வந்தான். என் போனை எடுக்காமலே இருந்தவன். வாசலில் தலை இடிக்காமல் குனிந்து நின்றான்.

"அண்ணே, வந்து சாட்சி சொன்னா என்னைய எங்க தூக்கியடிப்பாங்கன்னே தெரியல. சின்னவ இப்பதான் ஸ்கூல் சேர்ந்திருக்கா."

"வராதடா. நான் உன்னைக் கேக்கவே இல்லையே."

"நீங்க கேட்டிருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன். கேக்காததுதான் தூங்க விடமாட்டேங்குது."

அவனுக்கு அவள் காபி கொடுத்தாள். குடித்துவிட்டு, வருவேன் என்றும் சொல்லாமல், வரமாட்டேன் என்றும் சொல்லாமல் போனான்.

மே 19, செவ்வாய்

விசாரணை நடந்தது. மறப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

கோர்ட் மாதிரி இருக்கும் என்று பயந்துகொண்டு போனேன். ஸ்கூல் ஸ்டாஃப் ரூம் மாதிரி இருந்தது. நீளமான மேஜை, தண்ணீர் ஜாடி, ஆடுகிற ஒரு மின்விசிறி. மூன்று பேர் குழு. நடுவில் தலைவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மா.

வாசலில் ஒட்டடைக்குச்சி நின்றிருந்தான், இஸ்திரி போட்ட சட்டையில். உள்ளே வந்து நாலே வாக்கியம் சொன்னான். ரெண்டு பேர் பிடிக்க வேண்டிய ஆள். என்னைய மேல அனுப்பினாங்க. திரும்பி வரும்போது அண்ணன் கை தொங்கிப்போயிருந்துச்சு. அதுக்கு முன்னாடி அவரு தோள் வலிக்குதுன்னு ஒருநாளும் சொன்னதில்ல. அவ்வளவுதான். போகும்போது என் நாற்காலியின் முதுகை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

பிறகு என் முறை. கனவைச் சொன்னேன். குழந்தையை வாங்காததைச் சொன்னேன். குழாய் விஷயம் வந்தது. மேஜையில் இருந்த கீறலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நேரம் எடுத்துக்கங்க" என்றார் தலைவர். எடுத்துக்கொண்டேன். அப்புறம் சொல்லிவிட்டேன். அவள் பக்கம் திரும்பவில்லை.

அவளைக் கூப்பிட்டார்கள். வக்கீலம்மா கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் இப்ப சொன்னது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எப்படி?"

"குழாய் ஓடுற சத்தம் கேக்கும். ஆனா உள்ள வாளிய வெச்சிருக்கமாட்டாரு, தரையில நேரா விழும். குளிக்கறவங்க அப்படியா திறந்துவிடுவாங்க? நான் வெளிய கதவுகிட்டயே உட்கார்ந்திருப்பேன். குழாய மூடற சத்தம் கேட்டதும் எழுந்து அடுப்படிக்குப் போயிடுவேன். நான் கேட்டுட்டு இருந்தது தெரிஞ்சா அப்புறம் அங்க அழறதையும் விட்டுடுவாரே."

எத்தனை நாள்? கேட்கவே முடியவில்லை என்னால். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். கடவுளே.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மரியாதையான மனிதர்தான். படத்தை அவள் முன்னால் நகர்த்தினார். "மனசு உடைஞ்சு போனவர்னு சொல்றீங்க. இதுல நல்லா சிரிச்சிட்டு இருக்காரே அம்மா?"

அவள் படத்தைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆமா சார், சிரிக்கிறாரு. எங்க பேக்கரிக்கு ஒருத்தர் வந்தாரு. கேக் மேல 'மன்னிச்சிடு'ன்னு எழுதித் தரச் சொன்னாரு. யாருக்கு, பேரு என்னன்னு கேட்டா, பேரு போடாதீங்க, நிறைய பேர்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னாரு. அதத்தான் இவர்கிட்ட சொல்லிட்டு இருந்தேன். அதுக்கு முன்னாடி ஒரு மாசமா தினம் ஒரு கதை சொல்லிப் பார்த்தேன் சார். எதுக்கும் சிரிக்கல. இதுக்குத்தான் சிரிச்சாரு." படத்தை அவரிடம் திருப்பி நீட்டப் போனவள், நிறுத்தி, "இதுல ஒரு காப்பி எனக்குக் கிடைக்குமா?" என்றாள்.

குழுவில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிர்த்தரப்பு வக்கீல், "வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். ஊர் முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். என் இடது கை அவள் மடியில் இருந்தது.

ஜூன் 11, வியாழன்

பதில் இல்லை. வாசல் மணி அடித்தால் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் உட்காருகிறோம்.

ஜூலை 9, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது. வக்கீலம்மா போனில் படித்துக் காட்டினார். தோள், வேலையில் பட்ட காயமே. மனசு, அந்தக் காயத்தின் தொடர்ச்சியே. தந்தையின் மரணத்தின் மேல் அதைச் சுமத்த முடியாது. இரண்டுக்கும் சிகிச்சை தர வேண்டும். 'மனைவியின் சாட்சியம் முழுமையாக நம்பத்தக்கது' என்று தனியாக எழுதியிருக்கிறார்களாம்.

அதை அவளிடம் சொன்னேன். "நம்பத்தக்கதா? இதைக் கொஞ்சம் எங்க முதலாளிகிட்டயும் சொல்லச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளே சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். அடுப்படியில் நின்றுகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்த முறை நான் கதவுக்கு வெளியே நிற்கவில்லை.

ஜூலை 24, வெள்ளி

எல்லாமே கிடைத்துவிடவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறமும் தலைக்கு மேலே கை போகாதாம். நோயாளிகளைத் தூக்கும் வேலைக்கு இனி என்னை விடமாட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் விசாரணை மேஜையில் உட்கார வைக்கிறார்களாம், வருகிறவர்களுக்கு வழி சொல்ல. வார்டுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தக் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றேன். அதில் யாரோ ஒரு பெண் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒட்டடைக்குச்சியை எங்கும் மாற்றவில்லை. இதுவரைக்கும்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மூன்று நாளாக அவளுக்குக் காய்ச்சல். மதியம் எழுந்திருக்கப் பார்த்தவள், "என்னங்க, தலை சுத்துது. கொஞ்சம் பாத்ரூம் வரைக்கும்" என்றாள்.

இடது கையை அவள் முதுகுக்குப் பின்னால் கொடுத்தேன். என் முட்டியை அவள் முட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். "கட்டில் ஓரத்துக்கு வா. என்மேல சாஞ்சுக்கோ. அவசரமே இல்ல. ஒண்ணு, ரெண்டு, எழுந்திரு." முழுக் கனத்தையும் என்மேல் போட்டாள். அனலாகக் கொதித்தாள். கூட்டிக்கொண்டு போய், காத்திருந்து, கூட்டிக்கொண்டு வந்து படுக்க வைத்து, போர்வையை இழுத்துவிட்டேன்.

தண்ணீர் எடுக்கப் போகும் வழியில்தான் உறைத்தது. நடு அறையில் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளங்கையைப் பார்த்தேன். அவள் காய்ச்சலின் சூடு மட்டும் இருந்தது. வேர்க்கவில்லை.

திரும்பி வந்தபோது கண்ணை மூடியபடியே கேட்டாள்: "ஆஸ்பத்திரியிலயும் எல்லாரையும் இப்படித்தான் தூக்குவீங்களா?"

"ஆமா."

"குடுத்து வெச்சவங்க."

தூங்கிவிட்டாள். ஆறு மணிக்கு மாத்திரை தர வேண்டும். எழுப்பி உட்கார வைத்துத்தான் தர வேண்டும்.