வலது கால் செய்த வேலை

28.7.2003, திங்கள்

விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றுத் திருவொற்றியூரில் குடியேறி இன்றோடு ஆறு மாதம். காபியை வைத்துவிட்டு ராமசெல்வி கேட்டாள்: "இருபத்தாறு வருசமா வானத்துல என்னத்தையெல்லாமோ ஓட்டுனிய. நீங்க ஓட்டி ஒண்ணுலயாவது நான் உக்காந்திருக்கேனா?"

இல்லைதான். படை விமானத்தில் மனைவிக்கு ஏது இடம்? தரையில் எப்போதும் டிரைவரோடு ஜீப் வந்துவிடும். எனக்குக் கார் ஓட்டவே தெரியாது!

செப்டம்பர் ஏழு எங்கள் கல்யாண நாள். அன்றைக்கு நானே கார் ஓட்டி அவளை எண்ணூர் கூட்டிப்போவதாக வாயை விட்டுவிட்டேன்.

6.8.2003, புதன்

மானம் போயிற்று.

கார் ஓட்டக் கற்றுத்தரும் செங்கொடி புளியந்தோப்புப் பெண். முகத்துவாரக்குப்பம் அருகே, "ரைட்ல திருப்பு நைனா" என்றாள். திருப்பினேன் — காலால். ஓடுதளத்தில் விமானத்தை வலப்பக்கம் திருப்ப வலது காலைத்தான் அழுத்துவோம். காரில் அந்த இடத்தில் இருப்பது ஆக்ஸிலரேட்டர்! வண்டி நேராகச் சீறிப்போய், ஒரு அம்மா காயப்போட்டிருந்த கருவாட்டின் மேல் ஏறியது. செங்கொடி தன் பக்கத்து பிரேக்கை மிதித்தாள், பிழைத்தோம்.

"இன்னா நைனா, ஏரோப்ளேன் ஓட்டிகினு கீறியா?" என்று கத்தினார் அந்த அம்மா. பெயர் குப்பம்மாவாம். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டயர் பட்டதையெல்லாம் நானே வாங்கிக்கொண்டு வந்தேன்.

7.8.2003

கருவாட்டுக் குழம்பு. ராமசெல்வி சிரித்துச் சிரித்து விக்குகிறாள்.

14.8.2003, வியாழன்

மறுபடியும் அதே கால். "கையி இன்னாத்துக்கு கீது நைனா, டாட்டா காட்டவா?" என்கிறாள் செங்கொடி.

புயலுக்குள் விமானத்தை இறக்கியவன் நான். தேரடித் தெருவில் திரும்ப முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது. வாடகைக் கார் பேசிவிடட்டுமா என்று ராமசெல்வியிடம் கேட்டேன்.

"டிரைவர் வச்சுப் போறதுக்கா நான் ஆசப்பட்டேன்?" — எழுந்து போய்விட்டாள். ஏன் கேட்டேன்?

15.8.2003

காலையில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கையில் திணித்தாள். அதுதான் ஸ்டியரிங். எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, "வலது! இடது!" என்று அதட்டுகிறாள். கால் அசைந்தால் முழங்காலில் கரண்டி அடி. படையில்கூட இப்படி யாரும் என்னை வதைத்ததில்லை.

22.8.2003

முழங்கால் வீங்கியிருக்கிறது. இன்று ஒரே ஒரு அடிதான்.

3.9.2003, புதன்

லைசென்ஸ் தேர்வு. விமானத்தில் செய்த பழக்க தோஷம், வண்டியை எடுக்குமுன் "கண்ணாடி, கியர், பிரேக்" என்று ஒவ்வொன்றாய்ச் சத்தமாகச் சொல்லிச் சரிபார்த்தேன். கடைசியில் "காலே, சும்மா இரு" என்றும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஆய்வாளர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பாஸ்!

7.9.2003, ஞாயிறு

செங்கொடி தன் காரையே கொடுத்தாள். பக்கத்து இருக்கையில் பட்டுப்புடவையோடு ராமசெல்வி. மடியில் மல்லிகைப்பூ, கூடவே கரண்டி. தேவைப்படவில்லை. முகத்துவாரக்குப்பத்தில் எங்களைக் கண்டதும் குப்பம்மா ஓடிப்போய்க் கருவாட்டுப் பாயைச் சுருட்டினார். ராமசெல்வி கைகாட்டிச் சிரித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் என் பழைய பறப்புப் பதிவேட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: திருவொற்றியூர் – எண்ணூர் – திருவொற்றியூர். ஒரு மணி பத்து நிமிடம். பயணி: ராமசெல்வி.

அவள் வாங்கிப் படித்தாள். 'பயணி'யை அடித்துவிட்டு, 'துணை விமானி' என்று எழுதிக் கொடுத்தாள்.